பிக்ஃபுட்: காலடித்தடம் முதல் மரபணு வரை, எது சான்று?

2023 அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், துராங்கோவிலிருந்து சில்வர்ட்டன் செல்லும் மலை ரயிலில் பயணம் செய்தவர்கள் எடுத்த வீடியோ ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. மலைச்சரிவில் பழுப்பு நிற உருவம் ஒன்று நடக்கிறது, பிறகு குந்தி உட்கார்ந்துகொள்கிறது. அது பிக்ஃபுட், அதாவது காட்டில் வாழ்வதாக நம்பப்படும் ராட்சதக் குரங்கு என்றார்கள் சிலர், உடை மாட்டிய மனிதர் என்றார்கள் சிலர். சில நாட்களில் பேச்சு ஓய்ந்தது. எதுவும் முடிவாகவில்லை.

ஐம்பது அறுபது ஆண்டுகளாகவே இந்த விவாதம் இப்படித்தான் போகிறது. 'இத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே' என்கிறது ஒரு தரப்பு. 'எல்லாம் ஏமாற்று' என்கிறது மறு தரப்பு. கிடைத்ததாகச் சொல்லப்படும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எந்த அளவுக்குச் சோதனைக்கு உட்பட்டன, அந்தச் சோதனை எங்கே நின்றுபோனது என்று பார்த்தால் இந்த இரண்டு பேச்சைவிடத் தெளிவான பதில் கிடைக்கிறது.

## எந்த உயிரினத்தைப் பற்றிய பேச்சு?

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர மழைக்காடுகளில், அதாவது வடக்கு கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், இரண்டு கால்களில் நடக்கும், உடல் முழுக்க முடி அடர்ந்த, இரண்டிலிருந்து மூன்று மீட்டர் உயரமுள்ள வாலில்லாக் குரங்கு ஒன்று வாழ்கிறது என்பதே நம்பிக்கை. அமெரிக்காவில் அதற்குப் பெயர் பிக்ஃபுட். கனடாவில் சாஸ்க்வாட்ச். இரண்டாவது பெயர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடி மொழி ஒன்றிலிருந்து வந்தது. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஜே. டபிள்யூ. பர்ன்ஸ் என்பவர் 1920களில் பூர்வகுடி மக்களிடம் கேட்ட கதைகளை எழுதி அந்தச் சொல்லைப் பரவச் செய்தார்.

அந்த மக்களின் கதைகளை விலங்கியல் சாட்சியமாகப் பயன்படுத்துவது பரவலாக நடக்கிறது. இது சரியல்ல. ஓர் இனக்குழுவின் கதையில் வருவது காட்டின் காவல் ஆவி. இன்னொன்றில் வருவது மனிதர்களைப் போலவே வாழும் ராட்சதர்கள். குவாக்குவாக்கவாக்கு மக்களிடம் வருவதோ, முதுகுக் கூடையில் குழந்தைகளைத் தூக்கிச் செல்லும் ஸுனுக்வா என்ற காட்டுப்பெண். இவை அந்தந்தச் சமூகத்தின் வழிபாட்டோடும் சடங்கு முகமூடிகளோடும் பிணைந்தவை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி 'ஒரே குரங்கைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்' என்று சொன்னால் அந்தக் கதைகளின் பொருளே அழிந்துவிடும்.

## 1958: ஒரு சாலைப் பணியிடத்தில்

'பிக்ஃபுட்' என்ற பெயருக்குப் பிறந்த தேதியே உண்டு எனலாம். 1958இல் வடக்கு கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் காட்டுக்குள் மரம் வெட்டும் பணிக்குச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் ஓட்டிய ஜெர்ரி க்ரூ தன் வண்டியைச் சுற்றிப் பெரிய காலடித்தடங்களைக் கண்டார். நீளம் 16 அங்குலம். பாரிஸ் சாந்து ஊற்றி அச்சு எடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போனார். 'ஹம்போல்ட் டைம்ஸ்' நாளிதழ் அக்டோபர் மாதம் அவர் படத்தோடு செய்தி வெளியிட்டது. செய்தி நிறுவனங்கள் அதை நாடு முழுக்கக் கொண்டுசென்றன.

அந்தச் சாலையின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ். 2002இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தினர் பெரிய மரக்கால்களை எடுத்துக் காட்டி, அந்தத் தடங்களைப் பதித்தது அவர்தான் என்றார்கள். 'அந்த மரக்கால்களின் வடிவம் எல்லாத் தடங்களோடும் பொருந்தவில்லை' என்பது பிக்ஃபுட் ஆதரவாளர்களின் பதில். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. மரக்காலால் பதித்த தடத்தையும் உண்மை விலங்கின் தடத்தையும் பிரித்தறிய 1958இலிருந்து இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஏதும் இல்லை. உண்மையான ஒரு பிக்ஃபுட் பாதத்தை யாரும் ஆராய்ந்ததில்லை என்பதால், 'உண்மைத் தடம்' எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட எதுவும் கையில் இல்லை.

## தடங்கள் எவ்வளவு தூரம் பேசும்?

தடங்களைத் தீவிரமாக ஆராய்ந்த கல்வியாளர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் க்ரோவர் க்ரான்ட்ஸ், ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியலாளர் ஜெஃப் மெல்ட்ரம் ஆகிய இருவரும் சக ஆய்வாளர்களின் கேலியைத் தாங்கிக்கொண்டு இதில் உழைத்தவர்கள். அவர்கள் முன்வைத்த வாதங்களில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, பாதத்தின் நடுவில் விழும் மடிப்பு. மனிதப் பாதத்தில் குதிகாலுக்கும் விரல்களுக்கும் நடுவே வளைந்த, விறைப்பான பாலம் உண்டு. குரங்குகளின் பாதம் நடுவில் மடங்கும். சில தடங்களில் நடுப்பகுதிக்குப் பின்னால் மண் மேடாகத் தள்ளப்பட்டிருப்பது அப்படி மடங்கும் பாதத்துக்கு அடையாளம் என்றார் மெல்ட்ரம். 2007இல் அந்தத் தடங்களுக்கு ஓர் அறிவியல் பெயரும் வைத்தார். அந்தப் பெயர் தடத்துக்கு உரியது, விலங்குக்கு உரியதன்று. புதைபடிவத் தடங்களுக்கு அப்படிப் பெயரிடும் வழக்கம் உண்டு.

இரண்டாவது, சில அச்சுகளில் கைரேகை போலத் தெரிந்த நுண்ணிய வரிகள். கைரேகை நிபுணர் ஒருவர் அவற்றைப் பார்த்து, மனித வரிகளின் போக்கோடு இவை ஒத்துப்போகவில்லை என்றார். இது வலுவான சான்றாகத் தோன்றியது. ஆனால் பின்னர் ஒருவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். மிக நுண்ணிய, உலர்ந்த மண்ணில் சாந்தை ஊற்றினார். மண் சாந்தின் ஈரத்தை வேகமாக உறிஞ்சியபோது, பாதம் எதுவும் படாமலே அச்சின் பரப்பில் அதே மாதிரி வரிகள் உருவாயின. வரிகள் எல்லாமே அப்படி வந்தவை என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் வரிகள் இருப்பதை மட்டும் வைத்துத் தோல் பதிந்தது என்று சொல்லும் வழி அதோடு அடைபட்டது.

இமயமலையிலும் இதே கதைதான். அங்கே பிக்ஃபுட்டைப் போலவே நம்பப்படும் பனிமனிதனுக்குப் பெயர் 'எட்டி'. 2019 ஏப்ரலில் மகாலு சிகரத்தின் அடிவார முகாமுக்கு அருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட எட்டியின் தடங்களைத் தங்கள் மலையேற்றக் குழு கண்டதாக இந்திய ராணுவமே ட்விட்டரில் படம் வெளியிட்டது. பனியில் பதிந்த தடம் வெயில்பட்டு உருகும்போது நாற்புறமும் விரியும். கரடி நடக்கும்போது பின்கால், முன்கால் பதிந்த இடத்தின் மேலேயே ஓரளவு பதிந்து இரண்டும் சேர்ந்து நீண்ட ஒற்றைத் தடமாகிவிடுவதும் உண்டு. 32 அங்குலம் என்றால் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். விலங்கு எதுவாயினும், தடத்தின் நீளத்தைப் பாதத்தின் நீளமாக எடுத்துக்கொள்வது பனியில் செல்லுபடியாகாது.

## 1967: ஒரு நிமிடப் படச்சுருள்

பிக்ஃபுட் என்றதும் எல்லோர் மனதிலும் வரும் உருவம், திரும்பிப் பார்த்தபடி நடந்து செல்லும் கரிய முடி அடர்ந்த பெண் உருவம், அதே பிளஃப் கிரீக்கில் 1967 அக்டோபர் 20 அன்று ரோஜர் பேட்டர்சன் எடுத்த 16 மி.மீ. படத்தில் இருப்பது. உடன் இருந்தவர் பாப் கிம்லின். படம் ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவானது. பேட்டர்சன் அதற்கு முந்தைய ஆண்டே பிக்ஃபுட் பற்றிப் புத்தகம் வெளியிட்டவர். அதைத் தேடிப் படம்பிடிக்கவே அங்கு போனவர். இது சந்தேகத்துக்கு இடம் தருகிறது, ஆனால் பொய் என்று நிறுவிவிடாது. தேடிப் போனவர்களுக்குத்தானே எதுவும் கிடைக்கும்?

இந்தப் படத்தின் ஆய்வு எங்கே முட்டி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாச் சான்றுகளுக்கும் இது மாதிரி. அந்தக் கேமராவில் ஒரு விநாடிக்கு எத்தனை சட்டகங்கள் ஓட வேண்டும் என்பதைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். பேட்டர்சன் எந்த வேகத்தில் எடுத்தார் என்பது அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. லண்டனைச் சேர்ந்த உயிர்இயக்கவியல் ஆய்வாளர் டி. டபிள்யூ. க்ரீவ் இந்த நடையை அளந்து பார்த்தார். விநாடிக்கு 24 சட்டகம் என்றால் அது சாதாரண மனித நடைக்கு ஒத்துப்போகிறது. 16 அல்லது 18 என்றால் அதை மனித நடையாகக் கொள்வது கடினம். முழு முடிவும் தெரியாத அந்த ஓர் எண்ணின் மேல் தொங்குகிறது. உயரக் கணக்கும் அப்படியே. கேமராவுக்கும் உருவத்துக்கும் இடையே இருந்த தூரம் துல்லியமாகப் பதிவாகாததால், ஒருவர் ஆறடி என்கிறார், இன்னொருவர் ஏழடிக்கு மேல் என்கிறார். ஏழடிக்கு மேல் என்றால் வியப்பு. ஆறடி என்றால் உடை மாட்டிய ஆள்.

மறுதரப்பின் சான்றும் பலமானதாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த உடையைப் போட்டு நடந்தவன் நானே என்று ஒருவர் பின்னாளில் சொன்னார். உடையை விற்றவன் நான் என்று இன்னொருவர் சொன்னார். உடை எதனால் ஆனது என்பதில் இருவர் சொல்லும் ஒன்றுபடவில்லை. அந்த உடையும் வெளியே வரவில்லை. ஆகவே 'மோசடி என்று நிரூபணமாகிவிட்டது' என்பது தவறு. 'உண்மை என்று நிரூபிக்க முடியாத நிலையில் நிற்கிறது' என்பதே நேர்மையான வாக்கியம். நிரூபிக்கும் பொறுப்பு, புதிய பெரிய விலங்கு இருக்கிறது என்று சொல்பவருடையது.

## முடியும் மரபணுவும்

தடமும் படமும் விட்ட இடத்தில் முடி தொடங்குகிறது. முடியைச் சோதனைக்கூடத்தில் சோதிக்கலாம், அந்த முடிவை இன்னொரு சோதனைக்கூடம் சரிபார்க்கலாம். முதல் முயற்சி 1970களிலேயே நடந்தது. ஓரிகனில் பிக்ஃபுட் தேடிய பீட்டர் பைர்ன், அடையாளம் தெரியாத முடியும் தோலும் ஒட்டிய சிறு துண்டை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு அனுப்பினார். 1977இல் பதில் வந்தது: அது மான் இனத்தின் முடி. அந்தக் கோப்பை எஃப்.பி.ஐ. 2019இல் பொதுவெளியில் வைத்தது.

பெரிய சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ், பிக்ஃபுட், எட்டி என்று நம்பப்பட்ட முடிகளை அனுப்புங்கள் என்று உலகுக்கே அழைப்பு விடுத்தார். ஆய்வுக்குத் தகுதியாக இருந்த 30 மாதிரிகளில், தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் ஒரு பகுதியைப் படித்தார். கரடி, குதிரை, மாடு, மான், ரக்கூன், முள்ளம்பன்றி, ஓநாய் அல்லது நாய், ஒன்றில் மனிதர். தெரியாத குரங்கு ஒன்றுகூட இல்லை.

அதே ஆய்வில் ஒரு வியப்பும் இருந்தது. லடாக்கிலிருந்தும் பூட்டானிலிருந்தும் வந்த இரண்டு முடிகள் 40,000 ஆண்டு பழைய பனிக்கரடி ஒன்றோடு பொருந்துவதாக சைக்ஸ் அறிவித்தார். மற்ற ஆய்வாளர்கள் அந்தத் தரவை எடுத்து மறுபடி பார்த்தார்கள். ஒப்பீட்டில் பிழை இருந்தது தெரிந்தது. படித்த மரபணுத் துண்டு சிறியது, இமயமலைப் பழுப்புக் கரடியிலேயே அந்த வேறுபாடு இருக்கக்கூடும் என்றார்கள். 2017இல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஷார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு, 'எட்டி' என்று பாதுகாக்கப்பட்ட ஒன்பது மாதிரிகளை இன்னும் விரிவாகப் படித்தது. எட்டு கரடிகள், ஒன்று நாய். சரிபார்க்க முடிகிற சான்று என்றால் இதுதான். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் சொன்னாலும் மூன்று ஆண்டுகளில் திருத்தப்பட்டுவிடுகிறது.

செய்திகளில் 'அடையாளம் தெரியாத மரபணு கிடைத்தது' என்ற வரி அடிக்கடி வரும். அதன் பொருளைப் புரிந்துகொள்ள நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

1. மரபணு காலத்தால் சிதையும். மழையிலும் வெயிலிலும் கிடந்த முடியிலிருந்து படிக்க எதுவும் வராமல் போகலாம். 'முடிவு கிடைக்கவில்லை' என்பதும் 'தெரியாத விலங்கு' என்பதும் வேறு வேறு.

2. முடியைக் கையில் எடுத்தவரின் தோல் செல்களே மாதிரியில் கலந்துவிடும். அப்போது மனித மரபணு வரும். மனிதர் தொட்ட கரடி முடி, கலவையான ஒரு விசித்திர உயிர்போலத் தோன்றக்கூடும்.

3. புதிய இனமாகவே இருந்தாலும் அதன் மரபணு முற்றிலும் அந்நியமாக இருக்காது. குரங்கு என்றால் மனிதர், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு நடுவில் ஓர் இடத்தில் கிளைவிட்டு நிற்க வேண்டும். எதனோடும் பொருந்தாத வரிசை, புதிய குரங்கைவிடப் பழுதான மாதிரியையே அதிகம் சுட்டுகிறது.

4. மூலத்தரவு பொது மரபணு வங்கியில் வைக்கப்பட்டு, தொடர்பில்லாத இன்னொரு குழு அதே முடிவை எட்ட வேண்டும்.

2013இல் டெக்சாஸைச் சேர்ந்த ஒரு கால்நடை மருத்துவர், பிக்ஃபுட் என்பது மனிதப் பெண்களும் தெரியாத ஓர் ஆண் இனமும் கலந்து பிறந்த வம்சம் என்று மரபணு ஆய்வு வெளியிட்டபோது, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அது இடறியது. மைட்டோகாண்ட்ரியா முழுக்க மனிதருடையது, மற்ற மரபணு ஒட்டுப்போட்ட துணிபோல இருந்தது. அதை வெளியிட்ட இதழ் அவரே வாங்கியது.

## பார்த்தவர்கள் பொய் சொல்கிறார்களா?

பெரும்பாலோர் இல்லை என்றே நான் கருதுகிறேன். இவர்களைக் கேலி செய்வது விவாதத்தைக் கெடுத்த காரணங்களில் ஒன்று. வேட்டைக்காரர்கள், மரம் வெட்டுவோர், லாரி ஓட்டுநர்கள் எனக் காட்டைத் தெரிந்தவர்களும் இவர்களில் உண்டு. அந்தி வெளிச்சத்தில், மரங்களுக்கு நடுவே, சில விநாடிகள் மட்டும் தெரிந்த உருவத்தை மூளை தனக்குத் தெரிந்த வடிவத்தால் நிரப்பிக்கொள்ளும். அந்த வடிவத்தை 1967 முதல் எல்லோருக்கும் படம் போட்டுக் காட்டியாயிற்று.

வட அமெரிக்கக் கருங்கரடி பின்கால்களில் எழுந்து நிற்கும். சில அடிகள் நடக்கவும் செய்யும். நியூ ஜெர்சியின் குடியிருப்புப் பகுதிகளில் 2014 முதல் ஒரு கரடி உலவியது. முன்கால்கள் காயமுற்றதால் அது வீதிகளிலும் புல்வெளிகளிலும் நிமிர்ந்தே நடந்தது. கைகளை மார்பருகே தொங்கவிட்டு, தோள்கள் சரிந்து, பாதம் ஊன்றி நடக்கும் அந்த வீடியோவைப் பார்த்த பலர், யாரோ கரடி உடை போட்டு நடக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். பட்டப்பகலில், தெளிவான வீடியோவில், கரடி என்று சொல்லிக் காட்டியபோதே அந்தத் தடுமாற்றம்.

2009இல் சில சூழலியலாளர்கள், மேற்கு அமெரிக்காவில் பிக்ஃபுட் பார்த்ததாகச் சொல்லப்பட்ட இடங்களைக் கொண்டு அதன் வாழிடத்தைக் கணினியில் கணித்தார்கள். கிடைத்த வரைபடம் கருங்கரடியின் வாழிடத்தோடு பெரும்பாலும் ஒன்றியது. 2024இல் வெளியான இன்னொரு ஆய்வு, கரடிகள் அதிகமுள்ள மாநிலங்களில் பிக்ஃபுட் தகவல்களும் அதிகம் என்று காட்டியது. கரடிகள் மட்டுமே காரணம் என்று இதற்குப் பொருளில்லை. ஃபுளோரிடாவில் கரடி குறைவு, தகவல்கள் ஏராளம்.

## 'புதிய விலங்குகள் கிடைக்கத்தானே செய்கின்றன?'

ஆதரவாளர்களின் மிக நல்ல வாதம் இதுதான். 1992இல் வியட்நாமின் வு குவாங் காட்டுப் பகுதியில், அறிவியல் உலகுக்குத் தெரியாத மாடு போன்ற பெரிய விலங்கு ஒன்று அடையாளம் காணப்பட்டது: சாவோலா. 2005இல் அருணாசலப் பிரதேசத்தில் அருணாசல் மக்காக் என்ற குரங்கு புதிய இனமாக விவரிக்கப்பட்டது. பெரிய பாலூட்டி ஒன்று ஒளிந்திருப்பது நடக்கக்கூடியதே.

ஆனால் அவை எப்படிக் கிடைத்தன என்று பாருங்கள். சாவோலாவை ஆய்வாளர்கள் உயிரோடு பார்க்கும் முன்னரே வேட்டைக்காரர்களின் வீட்டுச் சுவரில் அதன் கொம்புகள் தொங்கின. கொரில்லா 1847இல் மண்டையோடுகளால்தான் அறிவியலுக்குள் வந்தது. காட்டில் மனிதர்களோடு வாழும் விலங்கு எலும்பையும் தோலையும் கொம்பையும் மனிதர் கையில் விட்டுவிடுகிறது. பசிபிக் கரையோரக் காடுகளில் பல ஆயிரம் ஆண்டுகள் வேட்டையாடி வாழ்ந்த பூர்வகுடி மக்களிடமிருந்து பிக்ஃபுட்டின் ஒரு பல்கூட இதுவரை ஆய்வுக்கு வரவில்லை.

காடு அடர்த்தியானது, அதனால் தெரியவில்லை என்ற பதிலுக்கு எதிராக நான் முன்வைப்பது வுல்வரின் என்ற, நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கின் கதை. கலிஃபோர்னியாவில் 1922க்குப் பிறகு அது உறுதியாகக் காணப்படவில்லை. 2008 பிப்ரவரியில் டாஹோ தேசியக் காட்டில், வேறொரு விலங்கின் ஆய்வுக்காக ஒரு மாணவி வைத்த தானியங்கிக் கேமராவில் அதன் பின்பக்கம் மட்டும் பதிவானது. உடனே முடி சேகரித்து மரபணு பார்த்தார்கள். பழைய கலிஃபோர்னிய வம்சம் இல்லை, ராக்கி மலைப் பகுதியிலிருந்து வந்தது என்பது வரை தெரிந்துவிட்டது. நாயளவே உள்ள ஒற்றை விலங்கு அது.

பிக்ஃபுட்டோ ஒற்றையாக இருக்க முடியாது. பெரிய வாலில்லாக் குரங்குகள் பல ஆண்டுகளுக்கு ஒரு குட்டியே போடும். தலைமுறை தலைமுறையாக இனம் தழைக்க, மிகக் குறைந்த கணக்கிலும் நூற்றுக்கணக்கான உடல்கள் வேண்டும். அவை சாகவும் வேண்டும். 'கரடியின் பிணத்தை யார் காட்டில் பார்த்திருக்கிறார்கள்?' என்று திருப்பிக் கேட்பார்கள். இயற்கையாகச் செத்த கரடி கண்ணில் படுவது அரிது, உண்மை. ஆனால் சாலையில் அடிபட்ட கரடிகள் உண்டு, வேட்டையில் விழும் கரடிகள் ஆண்டுதோறும் பல்லாயிரம், குகைகளில் கரடிப் புதைபடிவங்களும் உண்டு.

## மூதாதை யார்?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஜைகாண்டோபிதிகஸ். 1935இல் ஹாங்காங் மருந்துக்கடையில் 'டிராகன் பல்' என்று விற்கப்பட்டதிலிருந்து கண்டெடுக்கப்பட்ட ராட்சதக் குரங்கு இது. கிடைத்தவை பற்களும் சில தாடைகளும் மட்டும். அது இரண்டு கால்களில் நடந்தது என்று சொல்ல ஒரு கால் எலும்புகூட இல்லை. 2019இல் அதன் பல் எனாமலின் புரதத்தைப் படித்தபோது ஒராங்குட்டானின் தூரத்து உறவு என்று தெரிந்தது. 2024இல் வெளியான ஆய்வின்படி, காடுகள் மாறியபோது தன் உணவை மாற்றிக்கொள்ள இயலாமல் 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முன்பு தென்சீனாவில் அழிந்தது. அது வடக்கே சைபீரியாவின் குளிரைக் கடந்து அலாஸ்கா வழியே போனது என்பதற்கு வழியில் எங்கும் ஒரு பல் கிடைக்கவில்லை.

## எது கிடைத்தால் முடியும்?

க்ரோவர் க்ரான்ட்ஸ், ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தால் தவிர யாரும் நம்பமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு நேர்மாறாக, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்கமேனியா மாவட்டம் 1969இலேயே சாஸ்க்வாட்சைக் கொல்வது குற்றம் என்று உத்தரவு போட்டது. தேடிக்கொண்டு துப்பாக்கியோடு திரிபவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளக் கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது.

இன்று அந்தச் சண்டைக்கே தேவையில்லை. க்ரான்ட்ஸின் காலத்தில் உடல் வேண்டியிருந்தது. இப்போது வேரோடு பிடுங்கப்பட்ட சில முடிகள், புதிய சாணம், முள்வேலியில் ஒட்டிய ரத்தம், விழுந்த ஒரு பல், இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். கையுறை போட்டு எடுத்து, எடுத்த இடத்தையும் நேரத்தையும் குறித்து, பாதியை ஒரு சோதனைக்கூடத்துக்கும் மீதியை அதனோடு தொடர்பில்லாத இன்னொன்றுக்கும் அனுப்பினால் சில வாரங்களில் பதில் வந்துவிடும். ஓடைத் தண்ணீரிலிருந்தே அங்கு வந்து குடித்த விலங்குகளின் மரபணுவைப் பிரித்தெடுக்கும் முறையும் வந்துவிட்டது. 2018இல் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் நியூசிலாந்தின் நீல் ஜெம்மெல் குழு அதைச் செய்தது. ராட்சத ஊர்வனவின் தடயம் இல்லை, விலாங்கு மீன்களின் மரபணு நிறைய இருந்தது. பிளஃப் கிரீக்கிலும் ஓடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த வீடியோவை எடுப்பவர், கேமராவை வைத்துவிட்டு அந்த உருவம் நின்ற இடத்துக்கு நடந்து போய், உட்கார்ந்த புல்லில் ஒட்டிய முடி இருக்கிறதா என்று பார்க்கட்டும்.